ஆறு மணி வரைக்கும் ‘ப்பு’

மாலுமிக்கு அவசரமாக ஒரு ‘ப்பு’ தேவையாக இருந்தது.

கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். போன வாரம் பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு இறங்கியவர். "என் குடை வந்திருக்கா தம்பி?" என்று கேட்டுவிட்டு மாலுமியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற நாளாக இருந்தால் "வரலை ஐயா" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். இன்றைக்கு அது போதாது.

மாலுமி கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். எதிர் மேஜையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்த மச்சானைப் பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"வரலை ஐயா... மன்னிப்பு."

மச்சான் கட்டை விரலை உயர்த்தினான்.

"எதுக்குப்பா மன்னிப்பு? தொலைச்சது நான்தானே?"

"இருந்தாலும் எங்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கில்ல."

மறுபடியும் கட்டை விரல். பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. குடை தொலைத்தவனிடம் இப்படிப் பேசுகிற மனிதனை அவர் இந்த வயதில்தான் பார்க்கிறார். "குடை வர்ற வரைக்கும் இங்கேயே இருக்கேன் தம்பி" என்று சுவரோர பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்த சூட்டிலேயே தூங்கியும் போனார்.

மாலுமி என்றதும் கப்பல், கடல் என்று யாரும் கற்பனை பண்ண வேண்டாம். அவர் கடலைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. பஸ் கம்பெனியில், பயணிகள் மறந்து விட்டுப்போகும் பொருள்களைப் பத்திரப்படுத்தித் திருப்பிக் கொடுக்கிற பிரிவுக்கு அவர் பொறுப்பாளர். ஊர் அவரை மாலுமி என்று கூப்பிட்டதற்குக் காரணம் வேறு. கம்பெனி கொடுத்திருந்த வீட்டின் கூடத்தில் அவர் ஒரு படகு கட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் ஒரு முக்காலி செய்யத்தான் நினைத்தார். மரம் கொஞ்சம் மிஞ்சிப்போனது. மிஞ்சியதை வீணாக்குவானேன் என்று அதை நீட்டினார், இதை வளைத்தார். பல வருஷம் கழித்து நிமிர்ந்து பார்த்தபோது கூடத்தில் படகு நின்றது. அதன் மூக்கு சமையலறைக்குள் எட்டிப் பார்த்தது. மனைவி அந்த மூக்கில் கரண்டிகளை மாட்டிக்கொண்டாள். டிவி பார்க்க வேண்டுமென்றால் படகில் ஏறித்தான் பார்க்க வேண்டும். விருந்தாளிகள் விடைபெறும்போது "அப்ப நாங்க போயிட்டு வர்றோம்" என்று சொல்வதில்லை. "அப்ப நாங்க இறங்கிக்கிறோம்" என்றுதான் சொல்வார்கள்.

ஒரே ஒரு குறை. படகு வாசலைவிடப் பெரியது. அதைப் பற்றி யாராவது கேட்டால், "முதல்ல முடியட்டும், வாசலை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார் மாலுமி. உலகத்தில் அவருக்கென்று இருந்தது அந்தப் படகு ஒன்றுதான். இரவில் விளக்கை அணைப்பதற்கு முன் அதன் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் படுப்பார்.

வினை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்தச் சமயம் ஊரில் ஒரு சொல் விளையாட்டு இருமல் மாதிரி பரவியிருந்தது. ஏதாவது இரண்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த ஜோடி வருகிற சொற்களாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். முடிவெட்டுகிற இடத்தில், பஸ் வரிசையில், பல் டாக்டர் வாசலில் எல்லாம் அதே பேச்சு. பல் பிடுங்கிக்கொண்டவர்கள்கூட வாயில் பஞ்சோடு முனகிக்கொண்டு போனார்கள். மாலுமி ‘ப்பு’ என்ற ஜோடியை எடுத்துக்கொண்டு, படகில் சாய்ந்தபடி, அடுப்பில் தொடங்கி நெருப்பு வழியாகச் செருப்பு வரைக்கும் மூச்சுவிடாமல் அடுக்கிவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டார்.

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அடுக்குறது யார் வேணா அடுக்கலாம். உங்களால அப்படிப் பேச முடியுமா?"

"ஏன் முடியாது?"

"நாளைக்கு வேலைக்குப் போய் உட்கார்ந்ததுலேர்ந்து சாயங்காலம் ஆறு மணி அடிக்கிற வரைக்கும். வாயைத் திறந்தா ஒரு ‘ப்பு’ விழணும். தலையாட்டலாம், கை காட்டலாம். ஆனா ஒரே சொல்லையே பிடிச்சுத் தொங்கக் கூடாது, மூணு தடவைதான். தோத்தா..."

படகின் மூக்கிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து அதே படகைச் சுட்டிக்காட்டினாள்.

"ஜெயிச்சா?" என்றார் மாலுமி.

"ஜெயிச்சா இந்த ஜென்மத்துல கூடம் வேணும்னு கேட்க மாட்டேன். படகுலயே குடும்பம் நடத்தறேன், போதுமா?"

நடுவராக அவளுடைய தம்பியை நியமித்தாள். அவன் வேலை பார்ப்பதும் அதே பிரிவில்தான். அத்தானுக்கு எதிர் மேஜை. "என் தம்பிக்குப் பொய் வராது" என்றாள். அதில் மாலுமிக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அவனுக்குப் பொய் மட்டுமில்லை, தேவையான நேரத்தில் சும்மா இருப்பதும் வராது.

பெரியவருக்கு அடுத்து ஓர் இளைஞன் நொண்டிக்கொண்டு வந்தான். ஒரு காலில் மட்டும் செருப்பு. மாலுமியின் கண் பளபளத்தது. இப்படிப்பட்ட வாடிக்கையாளரை வரம் வாங்கித்தான் பெற வேண்டும்.

"ஒத்தைச் செருப்பு, கறுப்பு, ஓரத்துல சிவப்பு, இடுப்பு உயர அலமாரியில இருப்பு!" என்றார் ஒரே மூச்சில்.

இளைஞன் பயந்துபோய்ச் செருப்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே ஓடினான்.

"கூடுதலா சொல்றதெல்லாம் கணக்குல சேராது அத்தான். அடுத்த பேச்சுக்குப் புதுசா ஒண்ணு வேணும்" என்றான் மச்சான்.

ஆனால் மாலுமிக்குக் குஷி ஏறிவிட்டது. குஷி ஏறியவர் கையில் நாக்கு நிற்காது. அந்த நேரம் பார்த்து ஒரு டீச்சர் வந்தார். சாப்பாட்டு டப்பா, நீல மூடி, வெள்ளிக்கிழமை பஸ்ஸில் விட்டது. டப்பா இருந்தது. மாலுமி எடுத்துக் கவுன்டரில் வைத்தார்.

"அப்பாடா! உள்ள எல்லாம் அப்படியே இருக்கா சார்?"

தலையாட்டியிருக்கலாம். ஆட்டவில்லை.

"எல்லாம் இருக்கும்மா, உப்புதான் கொஞ்சம் கம்மி."

டீச்சரின் கை டப்பாவின் மேல் அப்படியே நின்றது. "நீங்க... சாப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"ஐயையோ, அப்படி ஒரு நினைப்பு வேண்டாம்மா."

"பின்ன எப்படித் தெரியும் கம்மின்னு?"

"அது வந்து... ஒரு கணிப்பு."

டீச்சர் அதற்கு மேல் நிற்கவில்லை. டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, மேலாளர் அறைக்குப் போகிற மாடிப்படியில் தடதடவென்று ஏறினார்.

"அத்தான், பந்தயம் நல்லாத்தான் போகுது" என்றான் மச்சான். "வேலைதான் நிக்குமான்னு தெரியலை."

கொஞ்ச நேரத்தில் மேலே இருந்து போன் வந்தது. மேலாளர்தான். "என்னய்யா பண்ணித் தொலைச்ச? ஒரு டீச்சர் வந்து என் மேஜை முன்னாடி அழுதுட்டு இருக்காங்க. இன்னிக்குப் பார்த்து மேற்பார்வை அதிகாரி அம்மா வேற வர்றாங்க. போன மாசம் அவங்க ஒரு கிளைக்குப் போய்ட்டு வந்தாங்க. அங்க இருந்தவங்க யாரும் இப்ப அங்க இல்லை, எல்லாருக்கும் மாற்றல். புரியுதா?"

"இங்க ஒரு தப்பு நடக்காது சார்" என்றார் மாலுமி.

மாற்றல் என்றால் இந்த ஊர் இல்லை. இந்த ஊர் இல்லையென்றால் கம்பெனி வீடு இல்லை. வீட்டை விட்டு அவர் வெளியே வரலாம், மனைவி வரலாம், கரண்டிகள் வரலாம். படகு வராது. ஒரு பக்கம் பந்தயம், இன்னொரு பக்கம் அதிகாரி. நடுவில் அந்த வாயில்லாப் படகு.

மச்சானுக்கே இரக்கம் வந்துவிட்டது. "பந்தயத்தை இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க அத்தான். அக்காகிட்ட நான் பேசிக்கறேன்."

மாலுமி கண்ணை மூடிச் சொன்னார்: "விட்டா படகு அடுப்புக்குப் போகும்டா."

கட்டை விரல் உயர்ந்தது. பழக்க தோஷம்.

அதிகாரி அம்மா வந்து இறங்கினார். நெட்டையான உருவம், நரைத்த தலை. தரையை அளந்துகொண்டே வருவது மாதிரி நடை. பின்னாலேயே அவருடைய டிரைவர். கார் ஓட்டுகிறவருக்கு உள்ளே என்ன வேலை என்று தெரியவில்லை. அம்மாவின் தோளுக்குப் பின்னால், காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

மாலுமி எழுந்து கை கூப்பினார். "வணக்கம் அம்மா. நீங்க வந்தது எங்களுக்கெல்லாம் பெரிய பூரிப்பு."

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். உதடு அசைந்தது. ஆனால் பேச்சு வரவில்லை. கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒரு மனுஷி யோசித்தால் வருகிற வார்த்தை இடியாகத்தான் இருக்கும் என்று மாலுமி பல்லைக் கடித்துக்கொண்டார்.

"சட்டை நல்லா இருக்கு" என்றார் அதிகாரி.

மாலுமி தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். காலர் நைந்து, பையில் மைக்கறை. கிண்டல்தான், சந்தேகமே இல்லை.

"பழைய உடுப்பு அம்மா" என்றார் ஈனமாக.

அலமாரிகளைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கினார்கள். தங்கக் கடிகாரம் இருந்தது. அதிகாரி நின்றுகூடப் பார்க்கவில்லை. வயலின் இருந்தது, கேமரா இருந்தது, கண்ணாடித் தம்ளரில் யாரோ ஒருவருடைய முழுப் பல்வரிசையே சிரித்துக்கொண்டிருந்தது. எதைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூலையில் கிடந்த ஓர் அழுக்குத் துணிப் பொட்டலத்தைப் பார்த்ததும்தான் அவருக்கு உயிர் வந்தது.

"இந்த மூட்டைல என்ன?"

"எல்லாம் சீப்பு அம்மா. பஸ்ல ஏறினதும் தலை வாருறாங்க, இறங்கறப்ப மறந்துடறாங்க."

மறுபடி நடை. ஒரு குடையை எடுத்தார். விரித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். டிரைவர் கழுத்தை நீட்டினார்.

"ஓட்டை" என்றார் அதிகாரி.

மாலுமி இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"மன்னிப்பு!"

"எந்தச் சேட்டைக்கு?"

டீச்சர் விஷயம் காதுக்குப் போய்விட்டது! மாலுமி கூப்பிய கையை இறக்கவே இல்லை. "குறிப்பிட்டு எதுக்கும் இல்லை அம்மா. பொதுவான மன்னிப்பு."

மச்சான் பின்னாலிருந்து மூன்று விரலைக் காட்டினான். மன்னிப்பு தீர்ந்துபோனது. இனி என்ன நடந்தாலும் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

அதிகாரி அடுத்த தட்டிலிருந்து ஒரு மரக்குதிரை பொம்மையை எடுத்தார். அதன் முதுகைத் தடவினார். யோசித்தார். பிறகு மாலுமியை நேராகப் பார்த்தார்.

"இதுக்குச் சாட்டை இல்லையா?"

மாலுமியின் முதுகு தானாகச் சிலிர்த்தது. "அது மட்டும் இருப்பு இல்லை அம்மா" என்றார் பரிதாபமாக.

இதற்கு மேல் விட்டால் அத்தான் அழுதுவிடுவார் என்று மச்சானுக்குத் தோன்றியது. குறுக்கே வந்தான். "அம்மா, இவருக்குக் காலைலேர்ந்து தொண்டை சரியில்லை. பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

அவன் வாழ்க்கையிலேயே சொன்ன முதல் பொய். சொல்லிவிட்டுத் தானே வியர்த்துப்போனான்.

அதிகாரி கோபப்படவில்லை. இறுக்கமான ஷூவைக் கழற்றிப் போட்டவர் மாதிரி அவர் முகம் விரிந்தது. தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை ஆட்டி, மாலுமி பேச வேண்டாம் என்று ஜாடை காட்டினார். தானும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததை வெளியே இருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. அதிகாரி காற்றில் ஒரு கொக்கி வரைந்தார். எத்தனை குடை என்று அர்த்தம். மாலுமி பத்து விரலையும் விரித்து விரித்து மூடினார். அதிகாரி மூக்கைச் சுருக்கினார். இந்தப் பக்கம் ஏதோ நாறுகிறதே என்று அர்த்தம். மாலுமி வாயில் கவளம் போடுவது போலக் காட்டி, கண்ணைச் செருகி, நாக்கைத் தொங்கவிட்டார். யாரோ விட்டுப்போன சாப்பாடு, கெட்டுவிட்டது என்று அர்த்தம். இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கியது. டிரைவரும் மச்சானும் வேலையற்றுப் போய் மாறி மாறிக் கொட்டாவி விட்டார்கள். பெஞ்சில் பெரியவர் குறட்டை விட்டார். மாலுமிக்கு நம்பிக்கைகூட வந்தது. இப்படியே ஊமையாக ஆறு மணியைத் தொட்டுவிட்டால் போதும்.

போன் அடித்தது. பேசக் கூடாத மனிதர் எடுக்க முடியாதே! மச்சான் எடுத்தான்.

"சொல்லுக்கா... ஆமாக்கா... சரிக்கா." வாயைப் பொத்திக்கொள்ளாமல், அறை முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தான்: "அத்தான், விறகுக் கடைக்காரர் ஆறரைக்கு வண்டியோட வர்றாராம். அக்கா ரம்பம்கூட இரவல் வாங்கி வெச்சுட்டாளாம்."

அதிகாரியின் தலை வெடுக்கென்று திரும்பியது. கண்ணில் ஒரு மினுமினுப்பு.

"வீட்ல அவ்வளவு கட்டையா?"

மாலுமி அவசர அவசரமாகத் தலையை இல்லை என்று ஆட்டினார். ஆனால் மச்சானிடம் இருந்த ஒரே பொய் செலவாகியிருந்தது.

"கட்டை இல்லைம்மா, படகு" என்றான். "கூடத்துல கட்டிட்டு இருக்கார்."

அதிகாரி ஓரடி முன்னால் வந்தார். "வீட்டைவிடப் பெரிசா?"

"சேச்சே. வாசலைவிடத்தான் பெரிசு."

மாலுமி கண்ணை மூடிக்கொண்டார். கம்பெனி வீடு, கம்பெனிக் கூடம், சமையலறைக் கதவைக் கழற்றியது, எல்லாம் இனி ஒன்றன் பின் ஒன்றாக வெளியே வரும்.

வந்தது வேறு. மாடிப்படியில் மேலாளரும் டீச்சரும் இறங்கி வந்தார்கள். டப்பா இன்னும் டீச்சரின் மார்போடுதான் இருந்தது.

"இவர்தான் சார்! அடுத்தவங்க சாப்பாட்டுல கை வெச்சுட்டு உப்புச் சப்புன்னு குறை வேற சொன்னார்!"

"என்னய்யா சொல்ற இதுக்கு?" என்று மேலாளர் உறுமினார்.

மாலுமி தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"காலைல வாய் கிழியப் பேசினாரே! கணிப்பு கிணிப்புன்னு!" என்றார் டீச்சர்.

எல்லாக் கண்ணும் மாலுமி மேல். அதிகாரியின் புருவம் உயர்ந்தது. தொண்டைப் பொய் உடைந்தது. இனி வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்.

"நான் ஏம்மா சாப்பிடறேன்? எனக்கு ரத்தக் கொதிப்பு!"

"கொதிப்புன்னா தொண்டை ஏன் அடைக்குது?" என்றார் டீச்சர்.

"தொண்டையில இல்லைம்மா, நெஞ்சுல அடைப்பு..."

சொல்லி முடிப்பதற்குள் அறை எழுந்து நின்றது. டிரைவர் பாய்ந்து வந்து மாலுமியை அலாக்காகத் தூக்கிப் பெஞ்சில் கிடத்தி, தலையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெரியவர் திடுக்கிட்டு எழுந்தார். "நல்லவங்களுக்குத்தான் இப்படி வருது! குடைக்காக மன்னிப்புக் கேட்ட பிள்ளையாச்சே!" என்று ஒரு கையைப் பற்றிக்கொண்டு கதறினார். டீச்சர் இன்னொரு கையைப் பற்றினார். நீல மூடியால் விசிறிக்கொண்டே, "ஒரு வாய் சாப்பிட்டா என்ன குறைஞ்சுபோச்சு எனக்கு! முழுசாவே சாப்பிட்டிருக்கலாமே சார்!" என்று விம்மினார். மேலாளர் போனில் கத்தினார்: "ஆம்புலன்ஸா? உடனே வாங்க! நெஞ்சடைப்பு!"

ஆம்புலன்ஸ் வந்தால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கிற கேள்விக்கெல்லாம் ‘ப்பு’ எங்கே போவது? வேண்டாம் என்று தலையை ஆட்டலாமென்றால் தலை டிரைவரிடம் இருந்தது. கையை ஆட்டலாமென்றால் ஆளுக்கொரு கை பிடித்திருந்தார்கள். மாலுமியிடம் மிச்சமிருந்தது வாய். அந்த வாய்க்குள், அந்த நேரத்தில், ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

"நடிப்பு!" என்று அலறினார்.

விசிறிக்கொண்டிருந்த மூடி நின்றது. பெரியவர் கையை விட்டார். மேலாளர் போனில் மெதுவாகச் சொன்னார்: "வேண்டாங்க. நடிப்பாம்."

கூட்டத்துக்குப் பின்னால் மச்சானின் கட்டை விரல் மட்டும் கம்பீரமாக உயர்ந்தது. அதைக் கடித்துத் துப்பினால் என்ன என்று மாலுமிக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

அதிகாரி பெஞ்சருகே வந்து குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். உதடு துடித்தது. பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"நாளைக்குக் காலைல உங்க வீட்டைப் பார்க்கணும்."

முடிந்தது. மேலாளர் நெற்றியில் அடித்துக்கொண்டு மாடியேறினார். டீச்சர் டப்பாவை முகர்ந்துவிட்டு, அவசரமாக மூடிக்கொண்டு போனார். பெரியவர், "நடிச்சாலும் நல்லா நடிச்சே தம்பி" என்று தட்டிக்கொடுத்து, யாருடையதோ ஓட்டைக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அதிகாரி மட்டும் போகவில்லை. எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாலுமியையே பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுப்பதும், மூடிக்கொள்வதுமாக இருந்தார். மாலுமியும் வாயெடுத்தார், மூடினார். உள்ளதைச் சொல்லிக் காலில் விழுந்தால் ஒருவேளை மனம் இரங்குவார். ஆனால் உள்ளதைச் சொன்னால் கேள்வி மேல் கேள்வி வரும், அத்தனைக்கும் ‘ப்பு’ கிடைக்காது; இப்போது சொன்னால் படகு விறகு. ஆறு அடித்தபின் சொல்லலாமென்றால், அதற்குள் இவர் எழுந்து போய்விட்டால் நாளைக்கு வீடு பார்க்க வருவார்; அப்போதும் படகு விறகு. கடிகார முள், ஏற்றத்தில் போகிற பழைய பஸ் மாதிரி முனகி முனகி நகர்ந்தது.

அதிகாரி எழுந்தார். கைப்பையை எடுத்தார். வாசலைத் தாண்டி ஒரு கால் வைத்தார்.

பணிமனையில் மணி அடித்தது.

"ஜெயிச்சுட்டீங்க அத்தான்! படகு பிழைச்சுது!" என்று மச்சான் மேஜை மேலேயே ஏறிக் குதித்தான்.

மாலுமிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. ஓடிப்போய் அதிகாரியை வழிமறித்தார். காலையிலிருந்து அடைத்துவைத்த பேச்செல்லாம் அணை உடைந்த மாதிரி கொட்டியது.

"அம்மா, ஒரு நிமிஷம் நில்லுங்க! நான் பைத்தியம் இல்லைம்மா, திருடனும் இல்லை. காலைலேர்ந்து நான் உளறினதெல்லாம் என் வீட்டுக்காரியோட கட்டின பந்தயம். வாயைத் திறந்தா ஒரு ஜோடி எழுத்து வந்தாகணும், வரலைன்னா அவ என் படகை உடைச்சுடுவா. அது கடலைப் பார்த்ததில்லைம்மா, நானும் பார்த்ததில்லை. பல வருஷமா ஒருத்தரை ஒருத்தர் நம்பித்தான் அந்தக் கூடத்துல கிடக்கோம். மாற்றல் கொடுத்தீங்கன்னா நான் வந்துடுவேன், அது வராது. என் சம்பளத்துல கை வையுங்க, லீவுல கை வையுங்க. என் படகை மட்டும் விட்டுடுங்க!"

சொல்லி முடித்து மூச்சு வாங்கினார். எவ்வளவு சுகமாக இருந்தது, அந்த இரண்டு எழுத்து இல்லாமல் பேசுவது!

அதிகாரியின் கண் அகலமாகத் திறந்தது. கன்னம் இரண்டும் உப்பியது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு டிரைவரைப் பார்த்தார். டிரைவர் கண்டிப்பாகத் தலையை ஆட்டினார், கூடாது என்பது போல. அதிகாரி தவித்துப்போய், இரண்டு கையையும் பக்கத்துக்கு ஒன்றாக அகல விரித்தார். இப்படிச் சாய்ந்தார், அப்படிச் சாய்ந்தார். மாலுமியைக் காட்டினார், தன்னைக் காட்டினார், மறுபடி கையை விரித்துச் சாய்ந்தார். பிறகு குலுங்கக் குலுங்கக் காரைப் பார்த்து ஓடினார்.

மாலுமி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னடா சொல்லிட்டுப் போறாங்க?"

மச்சானும் கையை விரித்துச் சாய்ந்து பார்த்தான். "வேலைக்குச் சீட்டு கிழிஞ்சுது, பறந்து போயிடுன்னு சொல்ற மாதிரிதான் இருக்கு அத்தான்."

கார்க் கதவைச் சாத்திவிட்டு டிரைவர் மட்டும் திரும்பி ஓடி வந்தார். மாலுமியின் காதருகே குனிந்தார்.

"பயப்படாதீங்க சார், உங்களுக்கு ஆறு மணியோட முடிஞ்சுபோச்சு, எங்க அம்மா ராத்திரி படுக்கிற வரைக்கும் வாயைத் திறந்தா ஒரு ‘ட்டை’ விழுந்தாகணும், நான்தான் நடுவர், தோத்தாங்கன்னா அவங்க வீட்டுக் கூடத்துல பாதி கட்டி நிக்கிற ஆகாய விமானத்தை ஐயா நாளைக்கே பழைய இரும்புக்குப் போட்டுடுவார்!"